ஒரு குறையும் இல்லீங்க

எங்கள் அறை ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்கு மேலே இருந்தது. கோயமுத்தூரில், டவுன்ஹாலுக்குப் பின்னால் போகும் சந்துகளில் ஒன்றில். கீழே நாள் முழுக்கச் செம்புக் கம்பி சுற்றுவார்கள், வார்னிஷில் முக்கிக் காய வைப்பார்கள். அந்த வாடை மாடிப்படி ஏறி வந்து எங்கள் சட்டையில் உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா, "ஏங் கண்ணு, பெயிண்டுக் கடையிலயா வேலை பாக்கற?" என்பாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று பல நாள் தோன்றியிருக்கிறது.

அந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணமே அந்தக் கடைதான். படி ஏறுகிறவன் மோட்டார் கொடுக்க வந்தவனா, எங்களிடம் வந்தவனா என்று தெருவில் யாருக்கும் தெரியாது. சிலர் அதற்கென்றே பழைய மிக்ஸி மோட்டாரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருவர் மாதக்கணக்கில் ஒரே டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்துபோனார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேன் அது. கோடையில் நாங்களே அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

வருகிறவர்கள் எல்லோரும் ஆண்களை விரும்பும் ஆண்கள். மில் ஷிப்டு முடிந்து பஞ்சுத் தூசியோடு வருவார்கள், தறியிலிருந்து வருவார்கள், நகைப் பட்டறையிலிருந்து வருவார்கள். ஒரு பஸ் கிளீனர் உண்டு. அறையில் ஒரு கேரம் போர்டு, ஒரு பெரிய கண்ணாடி, ஆணுறைப் பெட்டிகள், ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் ஒரு டாக்டருக்காக ஒரு மேசை, ஒரு பெஞ்சு. இவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில், எய்ட்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்த காலத்தில், இவ்வளவு இருந்ததே பெரிய விஷயம்.

வெளிநாட்டிலிருந்து வரும் தாள்களில் எங்களுக்கு எம்.எஸ்.எம். என்று மூன்றெழுத்துப் பெயர், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 'எங்களுக்கு' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது 'அவர்களுக்கு' என்றுதான் எழுதுவேன். அப்படி எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் டிரஸ்ட் முதலில் கண் சிகிச்சை முகாம் நடத்திக்கொண்டிருந்தது. பிறகு ரத்த தானம். ரத்தத்தின் வழியாக எய்ட்ஸ் வந்தது, எய்ட்ஸின் பின்னால் வெளிநாட்டுப் பணம் வந்தது. டிரஸ்டின் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. அப்பாவுக்குப் பங்காளி. ஸ்பின்னிங் மில் வைத்திருந்தார். வாலிப வயதில் மெஷின் வாங்கப் போய்ச் சில மாதம் இங்கிலாந்தில் தங்கியவர். ஆங்கிலம் ஒரு வார்த்தை விடாமல் புரியும், ஆனால் பேசக் கூச்சப்படுவார். அதனால், எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டுக் கருமத்தம்பட்டியில் அப்பாவின் தறிக்குடோனில் சும்மா நடமாடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, "வெள்ளக்காரங்களுக்கு எழுதறதுக்கு ஒரு ஆள் வேணுங் கண்ணு. நம்ம பையனா இருந்தா எனக்கும் நம்பிக்கை," என்றார்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

ஆக, ஊரில் நான் தோட்டமும் தறியும் உள்ள குடும்பத்துப் பையன். ஆபீசில் தலைவரின் சொந்தக்காரன். மாடி அறையில் நான் 'சாருங்க'. அங்கே வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் கேரம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். உட்காருங்கள் என்று சொன்னாலும் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் இருப்பார்கள். அந்தப் படியில் ஏற மோட்டார் தேவைப்படாத ஒரே ஆள் நான்தான். என் வேலைதான் எனக்கு டேபிள் ஃபேன். அதைத் தூக்கிக்கொண்டு தினமும் மேலே போய், என்னைப் போன்றவர்கள் நடுவில், அவர்களைப் போல் இல்லாதவனாக உட்கார்ந்துவிட்டு இறங்குவேன். பிறகு ஆபீசுக்குப் போய், 'இந்த ஆண்களால் தங்கள் குடும்பத்தாரிடம் எதையும் சொல்ல முடிவதில்லை' என்று டைப் அடிப்பேன். வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று பெரியப்பா தட்டிக்கொடுப்பார்.

வருகிறவர்களில் ஒருவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கல்யாண வீடுகளில் சமைக்கும் ஒரு காண்டிராக்டரிடம் வேலை பார்த்தார். ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர். அவருக்கு எய்ட்ஸ் வந்திருந்தது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நாக்கெல்லாம் வெள்ளைப் படலம். ஓர் ஆஸ்பத்திரியில் அவர் படுக்கையைச் சுவரோரம் தள்ளிவிட்டுச் சாப்பாட்டைத் தரையில் வைத்து நகர்த்தினார்களாம். அதற்கப்புறம் அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வீட்டில் அண்ணன் அவருக்கென்று தனித் தட்டும் டம்ளரும் கொடுத்து மாட்டுக்கொட்டகையில் படுக்க வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் டாக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார், தோளில் கை போட்டுப் பேசுவார், மாத்திரை கொடுப்பார். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த மருந்துகள் நோயைத் துரத்துகிற மருந்துகள் அல்ல. காய்ச்சலை, இருமலை, வாய்ப்புண்ணைத் தள்ளிப்போடுகிற மருந்துகள். அதிலேயே மாஸ்டர் எழுந்து நடமாடினார். அந்த அறை மூடப்பட்டால் அவர் மறுபடியும் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொள்வார், அவ்வளவுதான். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

மூடப்படும் என்ற செய்தி ஒரு மழைக்காலத்தில் வந்தது. பணம் தந்த வெளிநாட்டு அமைப்பு, இனிமேல் நெடுஞ்சாலை லாரி டிரைவர்களுக்குத்தான் அதிகம் செலவழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டது. லாரி டிரைவர்களைக் கண்ணால் பார்க்கலாம். செக்போஸ்டில் நிற்பார்கள். எங்களை எங்கே பார்ப்பது? 'உங்கள் ஊரில் உண்மையிலேயே இப்படிப்பட்ட ஆண்கள் இருக்கிறார்களா, அவர்களுக்குத் தனியாக ஓர் இடம் தேவையா?' என்று கேட்டார்கள். அந்தச் சந்தேகம் அவர்களுக்கு வரக் காரணம் எங்கள் தலைவரேதான். சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு, பெரியப்பா தமிழில் சொல்லி, அதை என்னை ஆங்கிலத்தில் சொல்ல வைத்தார்: "எங்க ஊர்ல அப்படியெல்லாம் ரொம்பக் கெடையாதுங்க. வெளியூர்ல இருந்து வேலைக்கு வாரவங்கதான்." பணம் கேட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே, அதற்குத் தேவையில்லை என்று மேடையில் சொன்னவரும் அவரே. ஊர்ப் பெருமை அவரை விடவில்லை. பக்கத்தில் நின்று அதை மொழிபெயர்த்தவன் நான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளிநாட்டுப் பணம் எதற்கு, நம் ஊரில் பணம் இல்லையா என்று கேட்பவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. கோயமுத்தூரில் பணத்துக்கு என்ன குறை. கோயில் கோபுரத்துக்குக் கொடுப்பார்கள், பள்ளிக்கூடம் கட்டக் கொடுப்பார்கள், கண் முகாமுக்கு வேனே வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர் பெயரைக் கல்வெட்டில் போட வேண்டும். எங்கள் மாடி அறையில் எந்தக் கல்வெட்டை வைப்பது? அதைத் தன் பெயரில் கொடுத்துவிட்டு எந்த மில் முதலாளி தன் சம்பந்தி வீட்டுக்குப் போவார்? தூரத்திலிருந்து வரும் பணத்துக்கு மட்டும்தான் சொந்தபந்தம் கிடையாது. யார் வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் அந்த அமைப்புக்கு எழுதிய ஒவ்வொரு தாளிலும் இதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதினேன். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். ஒரு அம்மா டெல்லியிலிருந்து வந்து பார்ப்பார், அந்த ஆண்களிடமே பேசுவார், அவர்கள் வாயாலேயே கேட்டுவிட்டு முடிவு சொல்வார் என்றார்கள். தூரத்துப் பணத்துக்கும் ஒரு குணம் உண்டு. அது புண்ணைத் திறந்து காட்டச் சொல்லும்.

நான் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். "வாரவங்ககிட்ட இருக்கறத இருக்கற மாதிரியே சொல்லோணும். கஷ்டத்தச் சொன்னாத்தான் இந்த ரூம் நிக்கும்."

"சொல்லீரலாமுங்க சார்," என்றார்கள்.

"போலீஸ் அடிச்சது, ஆஸ்பத்திரியில தள்ளிவெச்சது, எல்லாத்தையும்."

"அதுக்கென்னுங்க, சொல்லீரலாமுங்க."

மாஸ்டர் மட்டும், "அவிகளுக்குச் சாப்பாடு என்னுங்க பண்றது?" என்று கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த அம்மா வந்த அன்று படியேறிப் போய்ப் பார்த்தால், எல்லோரும் பெண் பார்க்கப் போகிறவர்கள் போலக் கிளம்பி வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, எண்ணெய் வைத்து வாரிய தலை. கண்ணாடியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஆணுறைப் பெட்டிகள் பெஞ்சுக்குக் கீழே போயிருந்தன. மூலையில் மாஸ்டர் சமைத்த அரிசிபருப்புச் சாதமும், எங்கள் பக்கம் ஒப்புட்டு என்னும் போளியும் தயாராக இருந்தன. நெய் வாடை வார்னிஷ் வாடையை ஜெயித்திருந்தது. பெரியப்பா நாற்காலியில் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

அந்த அம்மா நல்ல மாதிரி. செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்து ஜமக்காளத்தில் எல்லோரோடும் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்தார். உங்களுக்கு இந்த ஊரில் என்னென்ன கஷ்டங்கள் என்று முதல் கேள்வி கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

நகைப் பட்டறைக்காரர் கும்பிட்டுவிட்டு, "ஒரு கொறையுமில்லீங்க. நீங்க இத்தன தூரம் வந்ததே பெருசுங்க," என்றார்.

போலீஸ் தொந்தரவு உண்டா என்று கேட்டார். பஸ் கிளீனருக்கு அதற்கு முந்தின வாரம்தான் பஸ் ஸ்டாண்டில் அடி விழுந்திருந்தது. முழங்கைக் காயம் சட்டைக்குள் இருந்தது. அவர் சொன்னார்: "அவிக வேலைய அவிக பாக்கறாங்க. நாம எதுக்குங்க கொறை சொல்றது."

இந்த இடம் மூடப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"நாங்க பாத்துக்குவோமுங்க," என்றார் மாஸ்டர். "நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

நான் எல்லாவற்றையும் அப்படியே மொழிபெயர்த்தேன். வேறென்ன செய்வது? அந்த அம்மாவின் பேனா மெதுவாக நகர்ந்தது, பிறகு நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் கோபப்படுவது? வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் யாராவது அழுது காட்டுவார்களா? நானும் அப்படி வளர்ந்தவன்தானே. எங்கள் வீட்டில் தறியை ஜப்தி செய்ய பாங்க்காரர்கள் வந்தபோதுகூட அம்மா முதலில் மோர் கொடுத்து, எல்லாரும் சௌக்கியமுங்களா என்று கேட்டாள். இருக்கறதைச் சொல்லுங்கள் என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும், வந்தவர் வாசல் தாண்டி உள்ளே வந்த பிறகு அது நடக்கிற காரியம் இல்லை. மாஸ்டரின் காய்ச்சலும் கிளீனரின் முழங்கையும் அந்த அறையில்தான் இருந்தன. யாரும் அவற்றை வெளியே எடுக்கவில்லை. அறை எங்கள் கண்முன்னாலேயே மூடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா கடைசியாக மாஸ்டரைப் பார்த்து, உங்களைப் பற்றி வீட்டில் தெரியுமா, வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "ஊட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கங்க," என்றார்.

நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்கிறார் என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் நிற்கவில்லை. எல்லோரும் நல்லவர்களாக இருப்பதுதான் கஷ்டம் என்கிறார் என்றேன். வீட்டுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தத்தில் வளர்ந்ததால் வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் பேசித்தான் பழக்கம், தான் சொல்ல நினைப்பது உரக்கச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்கிறார் என்றேன். ஒரு பெண்ணைப் பார்த்து வந்திருக்கிறார்கள், தான் நிமிர்ந்தே பார்க்காததை வெட்கம் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். சீக்கிரமே உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்ளப் போகிறார்கள், எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு அதுதான் வாக்கு, அதற்கப்புறம் யாரும் பின்வாங்க முடியாது. மாற்றும் தட்டைக் கையில் வாங்கப் போகிறவர் தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு பெரியவர். அவரிடமும் சொல்ல முடியாது. தன்னைப் போன்றவர்கள் பயமில்லாமல் உட்கார்ந்து கேரம் ஆடுவதை இந்த ஊரில் தான் பார்த்தது இந்த அறையில் மட்டும்தான். நோய் வந்த ஒருவர் தோளில் டாக்டர் கை வைத்ததைப் பார்த்ததும் இங்கேதான். இந்த அறையும் போனால், தன்னைப் போல் இன்னொருவன் உலகத்தில் இருக்கிறான் என்பதையே தான் மறந்துபோவேன் என்கிறார் என்றேன்.

நான் நிறுத்தினேன். அந்த அம்மாவின் பேனா வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

பஸ் கிளீனர் கள்ளங்கபடமில்லாத ஆள். "மாஸ்டரு ரெண்டு வார்த்தைதானுங்களே சொன்னாரு," என்றார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு கிளீனரைப் பார்த்து, "இங்கிலீசுல எல்லாமே நீளந்தான். பேசாம இரு," என்றார். எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "குடி கண்ணு," என்றார். அதுவரை அவர் என்னைச் சார் என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டதில்லை. என்னைப் பற்றி அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவே இல்லை. தண்ணீரைக் குடித்தேன். அழுகை வந்தது, அதையும் சேர்த்து விழுங்கினேன்.

அந்த அம்மா கிளம்பும்போது மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் தைரியசாலி என்றார். மாஸ்டர் தன் வாழ்நாளில் கேட்டிராத கல்யாணக் கதைக்காகக் கூச்சத்தோடு தலையாட்டினார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார வைத்துப் பரிமாறினார். எல்லாப் பந்தியிலும் கேட்பதைப் போலவே, "சாப்பாட்டுல கொறை ஏதாச்சும் இருந்தாச் சொல்லச் சொல்லுங்க," என்றார். பெரியப்பாவும் சாப்பிட்டார். பாராட்டினார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அன்று அவர் காரிலேயே என்னை ஊரில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். அவினாசி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் டிரைவர் இருந்தார்.

"சமையக்காரன் நல்லாப் பேசுனான்," என்றார் பெரியப்பா, பீளமேடு தாண்டியதும்.

"ஆமாங்க பெரியப்பா."

"அவனூட்டுலயும் தறி ஓடுதாட்ட இருக்குது. எனக்குத் தெரியாமப் போச்சு."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். டிரைவருக்காகத்தான் அப்படிப் பேசுகிறார் என்று புரிந்தது. எனக்கும் அந்த வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது. "அந்த ஆளுக்குக் கல்யாணத்தத் தள்ளி வெச்சா நல்லதுங்க பெரியப்பா. நின்னேபோனா இன்னும் நல்லதுங்க. அந்தப் புள்ளைக்கும் நல்லது."

"தள்ளி வெச்சா எதுக்குன்னு நாலு பேரு கேப்பாங்க. கேக்கறதுக்கு முன்னாலயே முடிச்சுப்போட்டா யாரும் கேக்கமாட்டாங்க." என் முழங்காலில் கை வைத்தார். "எல்லாஞ் சரியாப் போயிரும். எத்தனையோ பேத்துக்குச் சரியாயிருக்குது."

"ஆகலீன்னாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தி, வேறு பேச்சு மாதிரி ஆரம்பித்தார். "அந்தம்மா பணம் குடுத்துருவாங்க. நீ சொன்ன சொல்லுக்குக் குடுக்காம இருக்கமாட்டாங்க. ஆனா வருசா வருசம் நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்கோணும். நம்மூட்டப் பத்தி ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துபோச்சுன்னா, அப்பறம் அந்த ரூமுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கண்ணு கையெழுத்துப் போடறது? நீயே சொல்லு."

மிரட்டவில்லை. அவர் குரல் கெஞ்சியது. அதுதான் தாங்க முடியவில்லை. மிரட்டியிருந்தால் எதிர்த்து ஏதாவது கத்தியிருப்பேன். இவரிடம் என்ன சொல்வது? அந்த அறை நிற்க வேண்டுமென்று அவரும் உண்மையாகவே விரும்பினார். அது எப்படி நிற்கும் என்பதைத்தான் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து அறையைக் காப்பாற்றினேன். இனிமேல் வாயை மூடிக்கொண்டு காப்பாற்ற வேண்டும். சொல்கிற கதவும் மறுக்கிற கதவும் என் கையாலேயே சாத்தப்பட்டுவிட்டன.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கியவர் உள்ளேயும் வந்தார். அம்மாவிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "உப்புச்சர்க்கரைய அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுப்போடலாம் அம்மணி. நல்ல காரியத்த எதுக்குத் தள்ளிப்போடறது," என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது.

பணம் வந்துவிட்டது என்ற செய்தி சீக்கிரமே வந்தது. அறையில் ஜிலேபி வாங்கிக் கொண்டாடினார்கள். கண்ணாடியின் துணியை எடுத்துவிட்டு இரண்டு பேர் ஆடிக்கூடக் காட்டினார்கள். இனிமேல் டாக்டர் வாரத்தில் கூடுதலாக ஒரு நாள் வருவார். அந்த வாரம் மாஸ்டருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. நான் ஒரு துண்டு ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வந்ததா என்றால், வந்தது. அது உண்மையான சந்தோஷம். அதை விட்டு வெளியே போகத்தான் எனக்கு வழியில்லை.

உப்புச்சர்க்கரைக்கு மாப்பிள்ளை போக வேண்டும் என்ற கட்டாயமே எங்கள் பக்கம் கிடையாது. பெரியவர்கள் போய் மாற்றிக்கொண்டு வருவார்கள். ஆனால் பெரியப்பா நான் கட்டாயம் வர வேண்டுமென்று சொல்லிவிட்டார். பெண் வீடு உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள். வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜமக்காளத்தின் நடுவில் இரண்டு தட்டுகள் தயாராக இருந்தன, ஒன்றில் கல் உப்பு, ஒன்றில் நாட்டுச் சர்க்கரை. அந்தப் பெண் பி.எஸ்ஸி. படித்தவள். கதவருகே நின்று என்னை நேராகப் பார்த்தாள். என்னிடம் ஏதோ கேட்க நினைத்தவள் போலத்தான் இருந்தது. அவளிடமும் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. எங்களுக்குள் அந்த ஒரு ஒற்றுமைதான் இருந்தது.

மாற்றுவதற்கு முன்னால் டிபன். தோப்பில் இலை போட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் பெரியப்பா, இன்னொரு பக்கம் பெண்ணின் மாமா. சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்த ஆளை நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர். அது அவர் ஊர்ப் பக்கம், அவருடைய காண்டிராக்டர் எடுத்த சமையல். நான் அதை யோசித்தே பார்த்திருக்கவில்லை. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஆள் இன்னும் மெலிந்திருந்தார். பந்தலையும் தட்டுகளையும் என் பட்டு வேட்டியையும் பார்த்தார். அன்று நான் சொன்ன நீளமான ஆங்கிலம் என்னவென்று அவருக்கு அந்த நிமிடத்தில்தான் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும்.

பெண்ணின் மாமா யாரையோ கூப்பிடத் திரும்பியபோது மாஸ்டர் என் இலைக்கு மேல் குனிந்தார். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எந்திரிச்சுப் போயிரு கண்ணு. எங்களுக்காக இருக்காதே. நாங்க பாத்துக்குவோம்," என்றார்.

நாங்க பாத்துக்குவோம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு தடவை மொழிபெயர்த்தவன் நான். மாட்டுக்கொட்டகை, தனித் தட்டு, தரையில் தள்ளப்படும் சோறு, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எழுந்து நடந்தால் தோப்பு வாசல் பத்தடியில் இருந்தது. யாரும் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை.

மாமா திரும்பிவிட்டார். மாஸ்டர் நிமிர்ந்து நின்று, எல்லோரிடமும் கேட்கிற குரலில், "கொறை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். கண் என் முகத்திலேயே இருந்தது.

"ஒரு கொறையுமில்லீங்க," என்றேன்.

"தம்பிக்கு இன்னுங் கொஞ்சஞ் சாம்பாரு ஊத்து மாஸ்டரு," என்றார் பெரியப்பா. மாஸ்டர் ஊற்றினார்.